மீட்டரக்கா போட்ட எஸ்டிமேட்

மழை விட்ட ஒரு காலையில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பெண்ணைச் சுவர் தூக்கி எறிந்தது. துணிக்கொடி வெறும் இரும்புக் கம்பி. அதன் ஒரு முனையைச் சுவரில் அடித்த ஆணியில் கட்டியிருந்தார்கள். அந்த ஆணி, சுவருக்குள் ஓடிய பழைய இரும்புக் குழாயில் போய் முட்டியிருந்தது. குழாய்க்குள் இருந்த வயரின் மேல்தோல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஈரத் துணியோடு கம்பியைப் பிடித்த பெண் மல்லாந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கை கம்பியோடு ஒட்டாமல் போனது அவள் ஆயுசு கெட்டி என்பதால்தான்.

அந்தப் பெண்ணின் அம்மாவை எங்கள் பகுதியில் எல்லோரும் மீட்டரக்கா என்பார்கள். எலக்ட்ரிகல் கடை ஒன்றில் இருபது வருடமாக வயர் அளந்து கொடுத்துப் பில் எழுதி வந்தவர். அளவுகோல் பலகையில் வயரை இழுத்துப் பிடித்தால், பார்க்காமலேயே மீட்டர் சொல்லுவார். அந்தப் பேருக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய கோபம். "அக்காவுக்கு மீட்டர் ஏறுது, ஓரமா நில்லு" என்று கடைக்கு வரும் எலக்ட்ரீஷியன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். அதற்கும் ஒரு முறை முறைப்பார்.

வீடு மாமனார் கட்டியது. நாற்பது வருடப் பழசு. மாமனாரும் மாமியாரும் போன பிறகு, கீழே கணவரின் அண்ணன் குடும்பம், மேலே இவர்கள். மீட்டரக்காவின் கணவர் ஒரு பள்ளியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். கண்ணாடிக் குடுவைகளோடு பழகிப் பழகி மனிதர்களிடமும் உடைந்துவிடுமோ என்றுதான் பேசுவார். அண்ணன் நேர் எதிர். ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அவர் சொல்லித்தான் அடிக்க வேண்டும். அந்த ஆணியும் அவர் சொல்லி அடித்ததுதான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்தவரும் அவரே. "இனிமே ஃபியூஸ் போகவே போகாது பாரு" என்று பெருமை வேறு. போகவேண்டிய நேரத்தில் போவதுதான் ஃபியூஸின் வேலை என்று மீட்டரக்கா ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து மெயின் பலகை இருக்கும் அறைக்கு அண்ணன் பூட்டுப் போட்டுவிட்டார்.

மகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டரக்கா கீழ்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அத்தான், வீடு முழுக்க வயரிங் மாத்தணும்."

"ஈரக் கையோட தொட்டா அடிக்காம கொஞ்சவா செய்யும்? பிள்ளைக்கு முதல்ல பதவிசு சொல்லிக் கொடு."

"துணி காயப்போடற கம்பில கரண்டு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. கை ஈரமா இருந்ததை அப்புறம் கேக்கலாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். மீட்டரக்காவுக்கு அவர் மூத்த ஓரகத்தி. ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"சரி சரி, கத்தாத. எனக்குத் தெரிஞ்ச கான்ட்ராக்டர் இருக்கான். பாத்து எஸ்டிமேட் கொடுக்கச் சொல்றேன். செலவு பாதிப் பாதி. ஆனா எல்லாம் என் மூலமாத்தான் நடக்கணும்."

நான்கு நாள் கழித்து ஒரு தாள் மேலே வந்தது. லெட்டர்பேடில் பளபளவென்று பேர், ஃபோன் நம்பர், ஒரு மின்னல் படம். கீழே ஒரே ஒரு வரி: முழு வீடு ரீவயரிங், மொத்தமாக. பக்கத்தில் ஒரு தொகை. மீட்டரக்காவின் ஒன்றரை வருடச் சம்பளம் அது. தாளை மடியில் வைத்துக்கொண்டு மகளைக் கேட்டார்.

"அந்த ஆளு மேல வந்து பாத்தாரா?"

"மாடிப்படில நின்னு அண்ணாந்து பாத்தாரும்மா. அப்புறம் பெரியப்பாவோட டீ குடிச்சாரு. போயிட்டாரு."

அவ்வளவுதான். மீட்டரக்கா தாளோடு கீழே இறங்கினார். எத்தனை பாயின்ட்? எந்த அளவு வயர்? எர்த் புதுசா இறக்குகிறார்களா? பழைய குழாயை எடுக்கிறார்களா, அதிலேயே இழுத்துவிடுகிறார்களா? வீடு என்றால் லைட் எத்தனை, ஃபேன் எத்தனை, பிளக் எத்தனை என்று எண்ணிப் பாயின்ட் கணக்கு வேண்டாமா? கண்ணால் பார்க்காத வீட்டுக்கு எப்படித் தொகை வந்தது?

மூத்தவர் செய்தித்தாளை இறக்கவில்லை. "கடையில வயர் அளந்து கொடுக்கறவங்க எல்லாம் இன்ஜினியர் ஆயிட முடியாதும்மா. உங்க பாதியை மட்டும் ரெடி பண்ணி வை."

இதைச் சொன்ன மனிதருக்கு, தம்பி மனைவி எந்தக் கடையில் வேலை செய்கிறார் என்றுகூடத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த அலட்சியம்தான் பிறகு அவர் காலை வாரியது.

மறுவாரம் வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கடையில் கூட்டம் இல்லை. லெட்டர்பேடில் பேர் பார்த்த அதே கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே வந்து கவுண்டரில் சாய்ந்தார். புது ஆள் இல்லை. ஆறு வருடமாக வருகிறவர். லெட்டர்பேடில் பேரைப் பார்த்தபோதே மீட்டரக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது; ஆனால் அவருக்குப் பில் எழுதுவது தான்தான் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவர் வாங்குவது எப்போதும் ஒரே மாதிரிதான். பேர் இல்லாத மலிவு வயர். தொண்ணூறு மீட்டர் என்று அட்டையில் இருக்கும், அளந்தால் எண்பது வரும். வெளியே செம்பு மாதிரி மின்னும், சுரண்டினால் உள்ளே வெள்ளை அலுமினியம். ஆனால் பில் மட்டும் நல்ல கம்பெனி வயருக்குப் போட வேண்டும். வீட்டுக்காரர்களிடம் அந்தப் பில்லைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். வித்தியாசத்தில் ஒரு பகுதி கடை முதலாளிக்கு.

அந்தப் பில்களை எழுதியது மீட்டரக்காதான். முதல் தடவை அவர் தயங்கியபோது, "பில்லு எழுதற கைக்குக் கேள்வி கேக்கற வாய் எதுக்கு?" என்று முதலாளி சொன்னார். வேலை போய்விடும் என்ற பயம். அவன் வாங்குகிறான், இவர் விற்கிறார், நான் எழுதத்தானே செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி அது பழகிவிட்டது.

"அக்கா, வழக்கம்போல. பன்னெண்டு காயில் வயரு. பில்லுல பெரிய கம்பெனி பேரு."

ஆறு வருடத்தில் முதல் முறையாக மீட்டரக்கா கேட்டார். "எந்த வீட்டுக்கு?"

"பழைய மாடி வீடுக்கா. அண்ணன் தம்பி பாகம். அண்ணன் நம்ம ஆளு. அவருக்கும் ஒரு பங்கு போகுது, அதனால பில்லு கொஞ்சம் கொழுத்தே இருக்கட்டும். தம்பி வாயில்லாப் பூச்சி. அவன் பொண்டாட்டிதான் பாயின்ட் எத்தனை, வயரு எதுன்னு குடையுதாம். எங்கயோ கடையில வேலை பாக்குதாம். அதுக்குத்தான் பில்லு பக்காவா வேணும்."

மீட்டரக்கா ஒரு காயிலை எடுத்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். கத்தியால் ஒரு முழம் வெட்டி, மேல்தோலை உரித்து, கம்பியைச் சுரண்டினார். வெள்ளையாகப் பல்லிளித்தது.

"இதையா என் பொண்ணு தலைக்கு மேல ஓட விடப் போற?"

கான்ட்ராக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. "அக்கா… அது உங்க வீடா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உங்க வீட்டுக்குன்னா அசல் செம்பே போட்டுடறேன். சத்தியமா."

"அப்போ மத்தவங்க வீட்டுக்கு?"

அவர் தோளைக் குலுக்கினார். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை. "மத்தவங்க வீட்டைப் பத்தி இத்தனை நாளா நீங்க கேட்டதே இல்லையேக்கா?"

அந்த வார்த்தை தன்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது என்று மீட்டரக்கா பிறகு சொன்னார். அடித்தவன் மேல் கோபப்படவும் முடியவில்லை, அவன் சொன்னது உண்மை. கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. வெட்டிய வயரைக் கான்ட்ராக்டரின் மார்பில் விட்டெறிந்தார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து முதலாளி வந்தார்.

"கஸ்டமர்கிட்ட என்ன சத்தம்?"

"இந்தப் பில்லை நான் எழுத மாட்டேன். இனிமே எந்தப் பொய்ப் பில்லையும் எழுத மாட்டேன்."

"எழுதலைன்னா பேனாவை வச்சிட்டுக் கிளம்பு. வெட்டின காயிலுக்குச் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

"பிடிச்சுக்கோங்க. நான் வெளிய போய் யார்கிட்ட என்ன பேசறேன்னு பாத்துக்கிட்டே இருங்க."

இருபது வருட வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் பேருந்து நின்றது; ஏறத் தோன்றவில்லையாம். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். அழ அவருக்கு இஷ்டமில்லை.

மாலையில் மூத்தவர் அலுவலகத்திலிருந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது, மீட்டரக்கா கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்க பங்கு எவ்வளவு அத்தான்?"

"என்ன பங்கு?"

"கான்ட்ராக்டர் இன்னிக்கு என் கடைக்குத்தான் வந்தான். எல்லாத்தையும் அவன் வாயாலேயே சொன்னான்."

மூத்தவர் முதலில் மறுத்தார். பிறகு, கடைக்காரியின் பேச்சை நம்புகிறாயா என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். அதுவும் எடுபடாமல் போனதும் குரலை உயர்த்தினார். "ஆமா, வாங்கறேன். நாயா அலையறது யாரு? ஆளைப் பிடிச்சு, பேசி, வேலை வாங்கணும். என் அலைச்சலுக்கு ஒரு கூலி வேண்டாமா?"

"கூலியா? கையை உடைச்சுக்கிட்டு ஒரு பிள்ளை மேல படுத்திருக்கு. அவ ரத்தச் சொந்தம் நீங்க. அவ உசுருலயுமா கமிஷன்?"

"வார்த்தையை அளந்து பேசு!"

"இருபது வருஷமா அளந்துக்கிட்டேதான் இருக்கேன். இன்னிக்கு அளக்கறதா இல்ல!"

அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தம்பி மட்டும் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. "அண்ணே, அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லு." அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரக்கா தானே எஸ்டிமேட் போட உட்கார்ந்தார். கணவர் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மகள் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். ஸ்விட்ச் பெட்டியிலிருந்து சுவரில் மேலே எவ்வளவு, அங்கிருந்து கூரையில் லைட் வரை எவ்வளவு, திருப்பத்துக்கு எவ்வளவு, சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒன்றரை ஸ்கொயர் பருமனுள்ள வயர், பிளக்குக்கு ரெண்டரை, வெந்நீர் ஹீட்டருக்குத் தனியாக நாலு. ஒவ்வொன்றோடும் பச்சை எர்த் வயர். மாடியில் மட்டும் இருபத்தாறு பாயின்ட் வந்தது. மூத்தவர் வெளியே போன நேரம் பார்த்து ஓரகத்தி கீழ்வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அங்கே முப்பத்தொன்று.

"அந்த ஆளு மாதிரி நீயும் படில நின்னே அண்ணாந்து பாத்திருக்கலாம், வேலை சுலபம்" என்றார் கணவர். மகள் சிரித்தாள். மீட்டரக்கா சிரிக்கவில்லை. "டேப்பை இழுத்துப் பிடிங்க, தொங்குது" என்றார்.

வேலைக்கு ஆள் என்று அவர் யோசித்தது ஒருவரைத்தான். ஒல்லி என்று பேர் எடுத்த எலக்ட்ரீஷியன். கடை முதலாளிக்கு ஆகாத ஆள். வாங்கிய வயரைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போடுகிறவர். ஒல்லி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன, அவற்றுக்குள் புது வயரை இழுக்கக் கூடாது, சுவரைக் கொத்திப் புதுக் குழாய் பதிக்க வேண்டும் என்றார். தரையில் குழி வெட்டிப் புது எர்த் கம்பி இறக்க வேண்டும். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப்பர் வேண்டும். கொத்தனார் கூலி, பூச்சு, வெள்ளையடிப்பு. எல்லாம் கூட்டினால், கான்ட்ராக்டர் கேட்டதைவிட எட்டில் ஒரு பங்கு அதிகமாக வந்தது.

மீட்டரக்கா மூன்று முறை கூட்டிப் பார்த்தார். குறையவில்லை. எந்த முகத்தோடு இதைக் கீழே கொண்டுபோவது என்று ஓர் இரவு யோசித்துவிட்டு, இருக்கிற முகத்தோடேயே கொண்டுபோனார்.

மூத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரைக் கூட்டிக் கத்தினியே! கடைசில அவனைவிடக் கூடவா?"

"ஆமா, கூடத்தான். அவன் கேட்டது வெள்ளைக் கம்பிக்கு. இது செம்புக்கு. அவன் தாள்ல ஒரு வரி இருந்துச்சு, இதுல நாலு பக்கம் இருக்கு. எந்த வரி வேண்டாம்னு சொல்லுங்க, அடிச்சிடறேன்."

அவர் தாள்களைப் புரட்டக்கூட இல்லை. "ஒரு பைசா தர மாட்டேன். என் வீட்டுச் சுவத்துல ஒருத்தன் உளி வைக்கக் கூடாது."

ஆகவே மாடி மட்டும். மகளின் மேற்படிப்புக்கென்று வைத்திருந்த சேமிப்பை உடைத்தார்கள். மின்சார அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்து மாடிக்குத் தனி இணைப்பு வாங்கினார்கள். இரண்டு வாரம் வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. ஒல்லி பழைய வயரை உருவியபோது மேல்தோல் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. ஆணி முட்டிய இடத்தில் குழாயில் ஒரு கறுப்புத் தழும்பு. அதை வெட்டி எடுத்த ஒல்லி, கீழ்வீட்டு வாசலில் மூத்தவரின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அது குப்பைத்தொட்டியில் கிடந்தது.

தன் வீடு சரியானதும் மீட்டரக்காவுக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. மாடியில் ஒவ்வொரு ஸ்விட்சைப் போடும்போதும், மத்தவங்க வீட்டைப் பத்தி நீங்க கேட்டதே இல்லையே என்ற குரல் கேட்டதாம். கான்ட்ராக்டருக்காகப் பொய்ப் பில் எழுதிய வீடுகளில் சிலவற்றின் விலாசம், சரக்கு இறக்கப் போன வண்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்ததால் நினைவில் இருந்தது. ஏழு வீடுகள். ஒரு நாள் டெஸ்டரையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஓர் அம்மா, ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

மூன்றாவது வீடு என்னுடையது.

அப்போது எங்களுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். வாசலில் நின்ற பெண்மணி, தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல், மூச்சு விடாமல் சொன்னார். உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள இருக்கறது செம்பு வயர் இல்ல. பில்லுல இருக்கற கையெழுத்து என்னுது. எனக்குத் தெரிஞ்சேதான் எழுதினேன். என் பொண்ணுக்குக் கரண்டு அடிச்ச பிறகுதான் உறைச்சுது.

நான் கத்தினேன். வாழ்க்கையில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. "மூணு வருஷமா இந்த வீட்டுல படுத்துத் தூங்கறோம். இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? உங்க பிள்ளைக்கு அடிச்சப்புறம்தான் ஞானம் வந்துச்சா?" என்றேன். கோபத்துக்குப் பேர்போன அந்த அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையும் குனியவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினார்.

"திட்டுங்க தம்பி. திட்டி முடிச்சிட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க. ஒரே ஒரு பெட்டியைத் திறந்து காட்டிட்டுப் போயிடறேன்."

தொட்டிலுக்கு மேலே இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். கம்பியைச் சுரண்டினார். வெள்ளை. இணைப்பு இருந்த இடத்தில் உறை உருகிக் கறுத்திருந்தது. என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஃபேன் வேகம் குறைகிறது, லைட் மினுங்குகிறது என்று அந்தக் கான்ட்ராக்டரையே இரண்டு முறை கூப்பிட்டிருந்தேன். வந்து டீ குடித்துவிட்டு, லைனில் வோல்டேஜ் இல்லை சார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கும் காசு கொடுத்திருந்தேன். அந்த எரிச்சல் இன்றைக்கும் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

ஏழு வீடுகளில் நான்கு பேர் சேர்ந்து நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தோம். கடை முதலாளி கெட்டிக்காரர். பில்களை எடுத்து நீட்டி, "எல்லாம் அந்தப் பொம்பளை கையெழுத்து. எனக்குத் தெரியாம கான்ட்ராக்டரோட கூட்டு வச்சிருந்தா, அதனாலதான் வேலையை விட்டுத் தூக்கினேன்" என்றார். மீட்டரக்கா எழுந்து நின்றார். "ஆமா, கையெழுத்து என்னுதுதான். ஒண்ணு விடாம என்னுதுதான். எழுதச் சொன்ன வாய் யாருதுன்னும் நான்தான் சொல்லப்போறேன்" என்று ஆரம்பித்தவரை, நீதிபதி இரண்டு முறை உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. பொய் என்று தெரிந்தே எழுதியதற்காக நீதிபதி அவரையும் கண்டித்தார். அதை மட்டும் அவர் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒன்றரை வருடம் இழுத்து, முதலாளியும் கான்ட்ராக்டரும் எங்கள் நான்கு வீடுகளுக்கும் ரீவயரிங் செலவைத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. கடை இப்போது முதலாளியின் மருமகன் பேரில் நடக்கிறது, போர்டு மட்டும் புதுசு. கான்ட்ராக்டர் வேறு பகுதிக்குப் போய்விட்டார். அங்கே யார் வீட்டுப் படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரோ. நியாயம் கிடைத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. என் வீட்டுச் சுவரைக் கொத்தி மறுபடி பூசியது ஒல்லிதான். எஸ்டிமேட் மீட்டரக்கா போட்டது. காசு கேட்கவில்லை. நான் கொடுத்தபோது, "இந்த வீட்டுல மட்டும் வாங்க மாட்டேன்" என்று கையைத் தட்டிவிட்டார்.

இப்போது அதுவே அவருக்குத் தொழில். வீடு வீடாகப் போய்ப் பாயின்ட் எண்ணி, நாலு பக்கம் எழுதிக் கொடுக்கிறார். மற்ற எஸ்டிமேட்டுகளைவிட அது எப்போதும் கூடத்தான் இருக்கும். பாதிப் பேர் குறைந்த தொகைக்காரனிடம் போய்விடுகிறார்கள். போகிறவர்களை அவர் சும்மா விடுவதில்லை. வாசல் வரை வந்து திட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார். இதில் வருமானம் கடைச் சம்பளத்தைத் தொடவில்லை. மகளின் படிப்புக்கு உடைத்ததை இன்னும் முழுசாகச் சேர்க்க முடியவில்லை என்பது அவருக்குத் தீராத ஆற்றாமை.

போன மாதம் ஒரு நாள் ஓரகத்தி மாடி ஏறி வந்தாராம். மூத்தவர் அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். ஓரகத்தி உட்காரவில்லை.

"என் அடுப்படிக்கு மட்டும் எவ்வளவு ஆகும்னு போட்டுக் கொடு. மிக்ஸியைத் தொட்டா விறுவிறுங்குது."

"அடுப்படிக்கு மட்டும் போட்டா பத்தாது அக்கா. மெயின்லேர்ந்து வரணும். எர்த் வேணும்."

"அப்போ எல்லாத்துக்கும் போடு. எங்கம்மா வீட்டுலேர்ந்து வந்த நிலத்தை வித்ததுல என் பங்கு பேங்க்ல கிடக்கு. அவருக்கு அது எவ்வளவுன்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "மூணு நாள்ல முடியுமா?" என்றார்.

முடியாது. ஆனால் மெயின் அறைப் பூட்டை உடைத்து, எர்த் இறக்கி, ட்ரிப்பர் மாட்டி, அடுப்படியை முடித்துவிடலாம் என்று ஒல்லி சொன்னார். இரண்டு கொத்தனார்களோடு விடியலிலேயே வந்துவிட்டார். மூன்றாம் நாள் மாலை மூத்தவர் வந்தபோது, கூடத்துச் சுவரில் பாதி கொத்திக் கிடந்தது. படியில் மணல் மூட்டை.

"யாரைக் கேட்டுச் சுவத்துல கை வச்சீங்க?" என்று அவர் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. மீட்டரக்கா சண்டைக்குத் தயாராகப் படியிறங்கப் போனார். கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கீழே ஓரகத்தியின் குரல், மெதுவாக, நிதானமாக வந்தது. "நான்தான் கூப்பிட்டேன். காசும் என்னுது. இன்னும் பத்து நாள் வேலை இருக்கு. மணல்ல கால் வைக்காம உள்ள வாங்க."

பிறகு, மூத்தவர் செருப்பைக் கழற்றி விடும் சத்தம் கேட்டது.

மூத்தவரும் மீட்டரக்காவும் இன்று வரை பேசிக்கொள்வதில்லை. படியில் எதிரே வந்தால் அவர் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார். மீட்டரக்கா நடுவில் இறங்கிப் போகிறார்.